தோப்பும் ஒரு பள்ளி

குழந்தை எழுத்தறிவதற்கு முன்னரே உலகை அறியத் தொடங்குகிறது. மண்ணைத் தொடுகிறது; மலரை முகர்கிறது; எறும்பின் பின்னே தவழ்கிறது. பேசக் கற்றவுடன், "இது என்ன? அது ஏன்?" என்று ஓயாது வினவுகிறது. இவ்வினாவே கல்விக்கு வித்து. வித்து முளைப்பதற்கு மண்ணும் நீரும் வேண்டும். வினா வளர்வதற்குத் திறந்த வெளியும், உடன் நடந்து காட்டும் மூத்தோரும் வேண்டும். "சும்மா இரு" என்னும் ஒரு சொல்லால் அவ்வித்தைக் கருகச் செய்வோரும் உளர். இளஞ்சிறாரைத் தோப்புக்கும் வயலுக்கும் குளக்கரைக்கும் அழைத்துச் செல்லுதல் வெறும் பொழுதுபோக்கு அன்று; அது மூத்தோரின் கடமையாகும்.

பழந்தமிழர் இயற்கையை ஊன்றி நோக்கியவர். மலை, காடு, வயல், கடற்கரை, வறண்ட நிலம் ஆகியவற்றைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று செடிகொடி மரங்களின் பெயராலேயே வழங்கினர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் பெயர் சுட்டப்பெறுகின்றன. அத்தனை மலர்களையும் வேறுபிரித்து அறிந்த கண், ஏட்டை மட்டும் நோக்கிய கண்ணாக இருந்திருக்க இயலாது. இன்றோ, அப்பெயர்களை ஒப்புவிக்கும் மாணவருள் சிலர், தம் வீட்டு வேலியில் படர்ந்துள்ள கொடியின் பெயரை அறியார். பெயரும் அறியாத பொருளின்பால் அன்பு தோன்றுதல் அரிது. அன்பு இல்லாத பொருளைக் காக்க எவரும் முற்படார்.

தொல்காப்பியத்தின் மரபியல் ஓர் அரிய செய்தியைக் கூறுகிறது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அது பகுக்கிறது. இதன்படி தென்னையும் பனையும் புல்லினத்தைச் சேரும். தென்னையைப் புல் என்று கூறினால் சிறுவர் நகைப்பர். அவர்களை அழைத்துச் சென்று, வெட்டுண்டு கிடக்கும் தென்னந்துண்டு ஒன்றையும் வேப்பந்துண்டு ஒன்றையும் காட்டுக. தென்னையின் ஓரம் வலியதாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். வேம்பின் நடுப்பகுதியே வயிரம் பாய்ந்திருக்கும். தென்னையும் நெல்லும் ஒரு வித்திலைத் தாவரங்கள் என்று இற்றை நாள் தாவர நூலும் கூறுகிறது. நூற்பாவை நூறு முறை உருப்போடுவதினும், அவ்விரு துண்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தல் நெஞ்சில் நிலைக்கும்.

இயற்கையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கூரை தாழ்ந்த திண்ணையோரத்தில், மழை படாத பொடிமணலில், புனல் வடிவான சிறுகுழிகள் காணப்படும். அவை குழியானை என்னும் பூச்சியின் இளம்புழு அமைத்த பொறிகள். குழியின் அடியில் அது மணலுள் மறைந்து, தாடைகளை மட்டும் விரித்துக் காத்திருக்கும். விளிம்பில் கால் வைத்த எறும்பு சறுக்கி விழும். ஏற முயன்றால், புழு மணலை வீசி அதனைக் கீழே தள்ளும். வளர்ச்சி முற்றியபின் இதுவே தட்டானை ஒத்த சிறகுள்ள பூச்சியாகப் பறந்து செல்லும். இதனை எடுத்தவுடன் சொல்லிவிடுதல் கூடாது. "இக்குழியை யார் தோண்டியிருப்பார்?" என்று கேட்டுவிட்டு, சிறுவர் அருகே அமைதியாக அமர்தல் வேண்டும். தானே கண்டறிந்த விடையைக் குழந்தை மறப்பதில்லை.

ஊர்ப்புறத்து எருக்கஞ்செடியும் ஒரு பாடநூலே. ஆடும் தீண்டத் தயங்கும் அதன் இலையை, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த வரிகளையுடைய புழு ஒன்று விரும்பித் தின்னும். எருக்கின் நஞ்சு அப்புழுவைக் கொல்வதில்லை; அதன் உடலில் தங்கி அதற்கே அரணாகிறது. புழு கூட்டுப்புழுவாகிப் பின்னர்ச் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியாக வெளிப்பட்ட பின்னும் அந்நஞ்சு அகல்வதில்லை. ஒருமுறை தின்று கசப்புற்ற பறவை, மறுமுறை அதனை நாடுவதில்லை. நாள்தோறும் சென்று பார்க்கும் சிறுவன், ஓர் உயிர் உருமாறும் அற்புதத்தைக் காண்பதோடு, பொறுமையையும் கற்றுக்கொள்கிறான்.

கிணற்றின்மேல் சாய்ந்த ஈச்சமரத்திலோ பனையோலை நுனியிலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைக் காணலாம். புல்லையும் நெல்தாளையும் நாராகக் கிழித்துப் பின்னுவது ஆண்குருவி. பாதிக்கூடு அமைந்தவுடன் பெண்குருவி வந்து சோதிக்கும். அதற்குப் பிடித்தால்தான் ஆண்குருவி நீண்ட குழல்வாயில் அமைத்துக் கூட்டை முடிக்கும். கீழே வீழ்ந்து கிடக்கும் பழங்கூட்டை எடுத்து ஆராய்வதில் குற்றமில்லை. தொங்கும் கூட்டைப் பறித்தல் பெரும் பிழை.

இவ்வேறுபாட்டை இளமையிலேயே உணர்த்துதல் வேண்டும். தட்டானைப் பிடித்து அதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் சிறுவனைக் கடிந்து பேசுவதால் பயனில்லை. தட்டான் நீரில் முட்டையிடுவதையும், அதன் இளம்பருவம் நீருக்குள் கொசுப்புழுவைத் தின்பதையும், சிறகு பெற்றபின் பறக்கும் கொசுவையும் பிடித்து உண்பதையும் அவனுக்கு எடுத்துக்காட்டினால், நூலைத் தானே அவிழ்த்துவிடுவான்.

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்த சலீம் அலி சிறுவராக இருந்தபோது, காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. 'இஃது எக்குருவி?' என்ற ஐயம் எழ, தம் மாமனிடம் கேட்டார். மாமனார் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கிருந்த செயலாளர் மில்லார்டு, சிறுவன்தானே என்று புறக்கணியாது, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டி விளக்கினார். அவ்வொரு நாள் அச்சிறுவரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. கொல்லக் கருவி ஏந்திய கை, பிற்காலத்தில் பறவைகளைப் பற்றி நூல்கள் எழுதிற்று. அவற்றைக் காக்கவும் பாடுபட்டது. 1976ஆம் ஆண்டில் நாடு அவருக்குப் பத்மவிபூஷண் விருது அளித்துப் பாராட்டியது. ஒரு சிறுவனின் வினாவைப் பெரியோர் இருவர் மதித்ததால் விளைந்த பயன் இது.

இளையோரை அழைத்துச் செல்வோர்க்கு விழிப்பும் இன்றியமையாதது. காலையும் மாலையுமே உலாவுக்கு ஏற்ற பொழுது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றருகிலும் ஆழம் அறியாத குளத்திலும் குழந்தையின் கையை விடலாகாது. புற்றினுள்ளும் கல்லிடுக்கிலும் கைவிடுதல் தீது. எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. அறியாத காயையோ கனியையோ வாயில் இடாதவாறு பழக்குதல் வேண்டும். ஆயினும், அச்சமூட்டியே குழந்தையை வீட்டினுள் அடைத்து வைத்தல் அறிவுடைமை ஆகாது. எது தீங்கு, எது நலம் என்று பகுத்தறியக் கற்பதும் இயற்கைக் கல்வியின் ஒரு பகுதியேயாம்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் தெருவிலும் இளஞ்சிறார் பலர் உளர். விடுமுறை நாளில் ஒருவரையேனும் கைப்பற்றி அழைத்துச் செல்லுங்கள். அவர் நின்ற இடத்தில் நில்லுங்கள். விரைந்து இழுத்துச் செல்லாதீர்கள். நீங்கள் அறிந்த பெயர்களை அவருக்குச் சொல்லுங்கள். அறியாதவற்றை உழவரிடமும் மூதாட்டியரிடமும் இருவருமாகக் கேட்டறியுங்கள். அவர்கள் நினைவில் வாழும் பெயர்கள் பல எந்த ஏட்டிலும் ஏறாதவை. கேட்பார் இல்லையெனின் அவை அவர்களுடனேயே மறையும். கேட்டுப் போற்றுவீராயின் அடுத்த தலைமுறைக்கும் வாழும்.