பால் அட்டையில் இருக்கிறது வியாபாரம்

காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் பக்கம் இட்லி மாவு, தண்ணீர் கேன், மதியச் சாப்பாடு என்று சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள், வீட்டில் கிடக்கும் ஆவின் பால் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாதப் பணத்தை முன்னாலேயே கட்டிவிடுகிறோம். அதற்காக விலையில் கொஞ்சம் குறைகிறது. தினமும் எத்தனை பாக்கெட் போகும் என்பதும் ஆவினுக்கு முன்கூட்டியே தெரியும்.

மாவுக் கடைக்கும் இது சரிப்படும். மாதம் 30 பாக்கெட்டுக்கு முன்பணம் தருபவருக்குப் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் குறையுங்கள். அரிசி, உளுந்துக்குக் கைமாற்று கேட்க வேண்டியிருக்காது; மிஞ்சிப் புளிக்கும் மாவும் குறையும். வாடிக்கையாளர் ஊருக்குப் போன நாட்களை முகம் சுளிக்காமல் கழித்துவிடுங்கள். அங்கே கணக்குப் பார்த்தால் அடுத்த மாதம் ஆள் வரமாட்டார்.

கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து தரும் பட்டறைக்காரர்களுக்கு முன்பணமெல்லாம் கனவுதான். கொடுத்த சரக்குக்காவது பணம் நேரத்தில் வர, அவர்கள் முதலில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது இலவசம், புரோக்கருக்குத் தண்டம் அழ வேண்டாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். நாம் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கணக்குப் பிரிவில் கவனிப்பார்கள்.