கல்லுக்குள் கிடக்கும் ஊசிகளை அளப்பது எப்படி?

நைஸ் பாறையில் கனிமங்கள் தாறுமாறாகக் கிடப்பதில்லை. நிலத்தின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை இழுபடும்போது, தகடான கரும் அப்பிரகம் அழுத்தத்துக்குக் குறுக்கே படுக்கிறது. ஊசியான சிலிமனைட் இழுபட்ட பக்கமாக நீள்கிறது. இதுவே கனிமங்களின் விருப்பத் திசையமைவு. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் வெந்து உருமாறியவை. சிவனொளிபாத மலைக்கு வடமேற்கே, தெரணியகலையின் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்கு அடியில் இருப்பதும் அந்த இனத்துப் பாறைதான். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு எவ்வளவு உறுதியானது என்பதைப் புள்ளியியல் கொண்டு அளக்கலாம்.

முதல் வேலை, இடம் தெரிவுசெய்வது. அங்குள்ள சீதாவக்கை ஆற்றில் கிடக்கும் உருண்டைக் கற்கள் எவ்வளவு அழகாக வரி காட்டினாலும் உதவா. வெள்ளம் புரட்டிய கல்லுக்குத் திசை கிடையாது. மலையோடு ஒட்டியிருக்கும் பாறையே வேண்டும்: வீதிக்காக வெட்டிய கரை, கல்லுடைக்கும் இடம், தோட்டத்துக்குள் துருத்தி நிற்கும் பாறைமுகம். தோட்டத்துக் காணி என்றால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் வெட்டுக்கரைக்குக் கீழே நிற்கவே கூடாது.

அடுத்தது அளக்கும் முகம். சிலிமனைட் ஊசிகளை அப்பிரகத் தகடுகள் படுத்திருக்கும் தளத்தின் மேலேதான் அளக்க வேண்டும். குறுக்கே உடைந்த முகத்தில் நீண்ட ஊசியும் வெறும் புள்ளியாகத் தெரியும். கார்னெட் மணிகளுக்கு நீள அகல வேறுபாடு இல்லாததால் அவற்றை விட்டுவிடலாம். தளத்தில் கிடைமட்டமாக ஒரு சுண்ணக்கோடு கிழித்து, அதன் திசையையும் தளத்தின் சாய்வையும் திசைகாட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 20 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று வரைந்து, அதற்குள் இருக்கும் ஊசிகள் அத்தனையும் சுண்ணக்கோட்டோடு செய்யும் கோணத்தை, ஒரே சுற்றுப் பக்கமாக, 0 முதல் 180 பாகை வரை கோணமானியால் அளக்க வேண்டும். பெரும் பிழைகள் நுழைவது இங்கேதான். கை தானாகவே நீண்ட, நேரான ஊசிகளைத் தேடிப் போகும். கோணலாகக் கிடக்கும் குட்டை ஊசியை விட்டுவிட்டால் இல்லாத ஒழுங்கு ஏட்டில் ஏறிவிடும்.

எடுத்துக்காட்டுக்குப் பத்து ஊசிகள்: 170, 175, 178, 2, 5, 10, 165, 15, 40, 120 பாகை. வழக்கமான சராசரி 88 பாகை, அதாவது கோட்டுக்குக் குறுக்கே. ஆனால் பத்தில் எட்டு ஊசிகள் கோட்டை ஒட்டியே கிடக்கின்றன! ஊசிக்குத் தலையும் வாலும் இல்லை. 178 பாகையும் 2 பாகையும் நான்கே பாகை விலகியவை. சாதாரணக் கூட்டலுக்கு இது தெரியாது.

ஆகவே ஒவ்வொரு கோணத்தையும் இரட்டிக்க வேண்டும். இரட்டித்த கோணங்களின் கோசைன்களைக் கூட்டினால் 7.25, சைன்களைக் கூட்டினால் 0.12. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது ஒரு கோணத்தின் தாஞ்சன். அந்தக் கோணம் ஏறத்தாழ 1 பாகை. அதைப் பாதியாக்கினால் உண்மையான சராசரித் திசை, அரைப் பாகை. இரு கூட்டுத்தொகைகளின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, பத்தால் வகுத்தால் 0.725. இது விளையுள் நீளம். எல்லா ஊசிகளும் ஒரே திசையென்றால் 1. எப்பக்கமும் சமமாகச் சிதறிக் கிடந்தால் 0.

இந்த ஒழுங்கு தற்செயலா என்று பார்ப்பது ரேலி சோதனை. விளையுள் நீளத்தின் வர்க்கத்தை எண்ணிக்கையால் பெருக்கினால் இங்கே 5.26. தற்செயலாகச் சிதறியவற்றில் இப்பெறுமானம் ஏறத்தாழ 3ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறைதான். எனவே இது தற்செயல் அல்ல எனலாம். ஆனால் 400 ஊசிகளை அளந்தால் 0.09 என்ற நீளமே சோதனையில் தேறிவிடும். அதை வலுவான ஒழுங்கு என்று எழுதுவது தவறு. சோதனை முடிவையும் நீளத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஒரே தளத்தில் அல்லாமல் முப்பரிமாணத்தில் அளப்பதென்றால் ஒவ்வொரு ஊசிக்கும் திசையோடு சரிவுக் கோணமும் வேண்டும். அவற்றிலிருந்து மூன்று திசைக் கோசைன்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தன்னோடும் மற்றவற்றோடும் பெருக்கி, ஊசிகள் அத்தனைக்கும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்த தாயத்துக்கு மூன்று ஐகன் பெறுமானங்கள் உண்டு. மூன்றும் சேர்ந்து 1. மூன்றும் சமமென்றால் ஒழுங்கில்லை. ஒன்று மட்டும் பெரிதென்றால் ஊசிகள் ஒரு திசையில் குவிந்துள்ளன. இரண்டு பெரிது, ஒன்று மிகச் சிறிது என்றால் அவை ஒரு தளத்தில் விரிந்துள்ளன. அப்பிரகத்துக்குத் தகட்டின் செங்குத்துத் திசையை எடுக்க வேண்டும். குவார்ட்ஸின் அச்சு வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 0.03 மில்லிமீற்றர் தடிப்பில் தேய்த்த கற்சீவலை நுண்காட்டியில் பார்த்து அளக்கலாம். அதற்குக் கல்லை உடைக்கும் முன்பே அதன்மேல் வடக்கு அம்பும் சாய்வும் வரைந்திருக்க வேண்டும்.

ஒரு பாறையில் நூறு ஊசிகள் அளந்தாலும் அது அந்தப் பாறையைப் பற்றிய செய்தி மட்டுமே. மலையைப் பற்றிச் சொல்ல, விலகி விலகிப் பல இடங்களில் அளந்து, இடத்துக்கு ஒரு சராசரி எடுத்து, அந்தந்தச் சுண்ணக்கோட்டின் திசையையும் தளத்தின் சாய்வையும் கொண்டு அச்சராசரிகளைத் திசைகாட்டித் திசைகளாக மாற்றி, மீண்டும் இதே முறையில் கணிக்க வேண்டும். ஏட்டில் இடம், எண்ணிக்கை, சராசரித் திசை, விளையுள் நீளம் ஆகியவற்றோடு அளந்த பாகைகள் ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் கணக்கை வேறொருவர் சரிபார்க்க முடியாது.