ஓப்பன்-பேக் ஹெட்ஃபோன் வாங்குவோர் கவனிக்க

காதின்மேல் அமரும் பகுதியின் வெளிப்புறம் அடைக்கப்படாமல் வெறும் வலையாக அமைந்த ஓப்பன்-பேக் ஹெட்ஃபோனில், நாதம் எதிரேயுள்ள மேடையிலிருந்து வருவது போன்ற விசாலத்தோடு ஒலிக்கும் என்பது உண்மையே. ஆயினும் அது பக்கத்திலிருப்பவர் காதிலும் விழுமாதலால், பேருந்துப் பிரயாணத்துக்கு ஏற்றதன்று.

1997-இல் வெளிவந்து இன்றும் ரசிகர்கள் போற்றும் சென்ஹைசர் எச்.டி. 600-ஐ எடுத்துக்கொண்டால், அதன் மின்மறிப்பு (இம்பீடன்ஸ்) 300 ஓம் என உயர்ந்திருப்பதால் கைப்பேசியின் சிறு திறன் அதை முழுமையாக இயக்கப் போதாமல் போகலாம்; ஆதலால், கைப்பேசியில் மட்டும் மாட்டிக் கேட்டு அதன் குணத்தை நிர்ணயிப்பது நியாயமாகாது. ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குவது உசிதம்.

எச்.டி. 600-இன் எடை சுமார் 260 கிராமே எனினும், புதிதில் அது கன்னத்தை இறுக்கிப் பிடிக்கும். அதற்காக மனம் சலிக்காமல், இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளை முழுதும் வெளியே இழுத்து, பிளாஸ்டிக் பாகத்தின்மேல் பாரம் விழாதபடி, அவ்வுலோகத்தை மட்டும் சிறிது சிறிதாக வெளிப்புறம் வளைத்து, ஒவ்வொரு முறையும் அணிந்து பார்த்துத் தளர்த்திக்கொள்ளலாம். அளவுக்கு மீறித் தளர்த்தினால் கீழ்ஸ்தாயியின் கனம் குறையக்கூடும்.

எல்லாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது காது மெத்தையை. நாளடைவில் அது அமுங்கிப்போக, செவி ஒலிப்பானை நெருங்கி, வாங்கிய நாளில் கேட்ட நாதமே மாறிவிடுகிறது; ஆகவே வேறு ஹெட்ஃபோனுக்கு ஆசைப்படுமுன், அதே மாடலுக்குரிய வெல்வெட் மெத்தையைப் புதிதாக மாட்டிக் கேளுங்கள். தோல் மெத்தை வியர்வையைக் கூட்டும். ஒலியின் சுபாவத்தையும் மாற்றும். கேபிள் பழுதானாலும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.