சீமை அத்தியை அறிதலும் அதன் சுவையை வளர்த்தலும்

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி முதலிய குன்றுகளின் அடிவாரத்தில் வீட்டுக் கொல்லையில் அத்தி வைக்க விரும்புவோர் முதலில் ஜாதியை அறிதல் வேண்டும். ஜாதி தவறின் சில வருஷ உழைப்பு வீணாகும்.

1. நாட்டு அத்தி: இலை பிளவின்றி நீண்டிருக்கும். அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். பழத்துள் பூச்சிகள் மலிந்திருக்கும்.

2. பேயத்தி: இலைகள் எதிரெதிராய் அமைந்து சொரசொரப்பாயிருக்கும். பழம் சுவையற்றது.

3. சீமை அத்தி: இலை பெரும்பாலும் 3 அல்லது 5 மடல்களாய்க் கைபோற் பிளந்திருக்கும். இலைக்கக்கத்தில் ஒன்றிரண்டாய்க் காய்க்கும். இதில் பெயர் பெற்ற பூனா ரகம் மகரந்தச் சேர்க்கையின்றியே பழுக்குமாதலால் ஒற்றை மரமும் பலன் தரும்.

விதைக் கன்று தாய்மரத்தை ஒத்திராது. ஆகையால், நற்பழம் தரும் மரத்தின் முதிர்ந்த குச்சியை வேரூன்றச் செய்து நடுக.

சுவைக்கு வேண்டுவன நல்ல வெயில், நீர் தேங்காத நிலம், மக்கிய தொழுவுரம் ஆகியவையே. காய் பருக்கும் வரை அளவாய் நீர் பாய்ச்சி, பழுக்கத் தொடங்கியதும் குறைத்திடுக. அப்போது மிகுந்த நீர் விடின் பழம் வெடிக்கும், இனிப்பும் குன்றும். பூனாப் பக்கத்துக் குடியானவர்கள் மழைக்காலப் பலனைப் புளிப்புப் போகம் என்றும் கோடைப் பலனை இனிப்புப் போகம் என்றும் வழங்குவது இதனாலேயே. ஆதலால், ஐப்பசி, கார்த்திகை மழையிற் பழுத்ததை உண்டு, மரம் தாழ்ந்ததென்று வெட்டிவிடலாகாது; கோடைப் பலனையும் பார்த்தே முடிவு செய்க.

பறித்தபின் அத்தி இனிப்பேறாது. காம்பிற் பால் வடியுமாயின் பழம் முற்றவில்லை. கழுத்து வளைந்து தொங்கி, தொட்டால் மெத்தென்றிருக்கும் பழத்தையே காலையிற் பறித்து, அன்றே உண்க.