அயற்றளத்து மாணாக்கரும் பாடக் காப்புப்படியும்

திருவதிகைப் பக்கத்தார்க்கு ஒருவரே பல பெயர் பூண்ட வரலாறு புதிதன்று. திருவாமூரில் மருணீக்கியார் எனப் பெயர் பெற்றவர், இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரெனக் கொள்ளப்படும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் எனப்பட்டார். அதிகையில் தமக்கையாரை அடைந்தபின் நாவுக்கரசர் ஆயினார். சீகாழியிலோ சம்பந்தர் அவரை அப்பரே என்றழைத்தார். இந்நான்கு ஊரிலும் தனித்தனியே பெயரேடு இருந்து, அவற்றை அயலான் ஒருவன் ஒன்றாகச் சேர்த்தெழுதப் புகுந்தால், ஆட்கள் நால்வர் என்றே கணக்கிடுவான். ஆளை அறிந்த திலகவதியாரைப் போன்றார் ஒருவர் அருகிருந்தாலன்றி அப்பிழை திருந்தாது. கணினிவழிப் பாடங்களை ஒரு கல்வித் தளத்தினின்றும் மற்றொன்றிற்குப் பெயர்க்குங்கால் இவ்விடர்ப்பாடே நேர்கின்றதாகலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

மூடில் என்னும் கல்வித் தளம் மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவரால் ஆக்கப்பெற்று 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2007-இல் வந்த அதன் 1.8-ஆம் பதிப்பில், ஒரு தளத்து மாணாக்கர் வேறு கடவுச்சொல் வேண்டாது மற்றொரு தளத்துட் புகுதற்கு 'மூடில் வலையமைப்பு' என்னும் வழி அமைந்தது. கடலூரில் ஒரு கல்லூரியும் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியும் இங்ஙனம் இணைந்துள்ளன என வைத்துக்கொள்வோம். கடலூர் மாணவி சிதம்பரத்துத் தளத்திற் பாடங் கேட்பாளாயின், அவள் ஆண்டு அயற்றளப் பயனர். அவள் பயனர்பெயரோடு அவளது சொந்தத் தளத்தின் முகவரியும் சேர்த்தே அங்குக் குறிக்கப்படும். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதோ கடலூர்த் தளமே.

சிதம்பரத்தார் அப்பாடத்தைக் காப்புப்படி எடுக்கின்றனர். பாடத்தோடு மாணாக்கர் விவரத்தையும் சேர்த்தால், பயனர்பெயர், மின்னஞ்சல், முதன்முதல் தளத்துட் புகுந்த காலம், உரிய தளத்தின் முகவரி ஆகியன யாவும் அக்கோப்பில் அடங்கும். அதனை மூன்றாவதொரு தளத்தில் மீட்டெடுக்குங்கால், அத்தளம் ஒவ்வொருவரையும் 'இவர் நம்மிடம் முன்னரே உள்ளவரோ' என ஆராய்கின்றது. பயனர்பெயரும் உரிய தளமும் ஒத்தல் வேண்டும். அவற்றோடு மின்னஞ்சலேனும் முதற்புகுந்த காலமேனும் ஒத்தல் வேண்டும். ஒத்தால் ஒருவரே எனக் கொள்ளும். அப்பயனர்பெயரே அங்கில்லையாயின் புதுக் கணக்குத் தொடங்கும். பயனர்பெயரும் தளமும் ஒத்து ஏனைய இரண்டும் ஒவ்வாவிடின், முரண் என்றுரைத்து மேற்செல்லாது நின்றுவிடும். மாணாக்கரின் இயற்பெயரை இவ்வாராய்ச்சியில் அது நோக்குவதே இல்லை. தலைப்பெழுத்தை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி எழுதும் நம்மனோர்க்கு அஃது ஒருவகையில் நன்மையே.

அயற்றளத்தார் செய்தி இன்னும் நுட்பமானது. அத்தகையார் அடங்கிய பிறதளத்துக் கோப்பை மீட்டெடுக்க எல்லா ஆசிரியர்க்கும் உரிமையில்லை. உரிமையில்லாதாரைத் தள நிர்வாகியிடம் செல்லுமாறும், அன்றேல் மாணாக்கர் விவரத்தை விடுத்துப் பாடத்தை மட்டும் மீட்டெடுக்குமாறும் அது பணிக்கும். நிர்வாகி மீட்டெடுப்பின், கோப்பிற் கண்ட தளமுகவரிகளைத் தன் ஏட்டிலுள்ள முகவரிகளோடு ஒப்புநோக்கும். அறிந்த முகவரியாயின் அம்மாணவி அயற்றளத்தாளாகவே இருப்பாள். அறியாத முகவரியாயின் அவ்வூர்க் கணக்காகவே மாற்றப்படுவாள்; மாற்றப்பட்டமை மீட்டெடுப்புப் பதிவேட்டிற் குறிக்கப்படும். அதன்பின் கடலூர்க் கடவுச்சொல் அங்குச் செல்லாது. மின்னஞ்சல் வழியாகப் புதியதொன்று பெற்றே புகல் வேண்டும்; அம்மின்னஞ்சல் வழக்கொழிந்ததாயின் தான் எழுதிய கட்டுரையைத் தானே காண வழியின்றி நிற்பாள்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பல கல்லூரிகளிற் பதிவெண்ணே பயனர்பெயராக வழங்குகின்றது. இரு கல்லூரியில் ஒரே எண் அமைதல் அரிதன்று. மின்னஞ்சல் இல்லாதார்க்கு அலுவலகத்தார் அவ்வெண்ணையே முன்வைத்துப் பொய்முகவரி ஒன்று படைத்திடுவதும் உண்டு. இருவரும் இங்ஙனம் பதியப்பெற்று, இருவரும் அவ்வூராராகவே எண்ணப்பட்டால், பெயரும் ஒக்கும், தளமும் ஒக்கும், மின்னஞ்சலும் ஒக்கும். மீட்டெடுக்குந் தளம் யாதொரு முரணும் உரையாது இருவரையும் ஒருவராக்கும். ஒருத்தி எழுதிய விடைத்தாள் மற்றொருவன் பெயரில் ஏறும். மதிப்பெண்ணும் உடன் ஏறும். முரண் என்று நின்றுவிடும் கோப்பைக் கண்டு நிர்வாகிகள் சலித்துக்கொள்கின்றனர். நாமோ நில்லாது செல்லும் கோப்பையே மிகுதியும் அஞ்சுகின்றோம்.

ஆதலின் பாடம் மட்டுமே வேண்டுவார் மாணாக்கர் விவரத்தை விடுத்தே மீட்டெடுக்க. மாணாக்கரும் உடன்வரல் வேண்டுமாயின், அவர்க்குரிய தளங்களை முன்னரே இணைத்துக்கொண்டு, வெறுமையான சோதனைத் தளமொன்றிற் கோப்பை விரித்து, அங்குள்ள பயனர்பெயர்களை உண்மைத் தளத்துப் பட்டியலோடு ஒப்பிடுக. இரண்டிலுங் காணப்படும் பெயர்களை மட்டும் தனியே குறித்து, ஒருவரோ இருவரோ எனப் பாடஞ் சொன்ன ஆசிரியரைக் கேட்டறிக. முந்நூறு பேர் உள்ள வகுப்பிலும் அத்தகைய பெயர்கள் ஒரு பிற்பகலில் ஆராய்ந்து முடிக்கும் அளவினவாகவே பெரும்பாலும் இருக்கும்.