வீட்டு உறுதியை ஈடு வைத்தவர்கள் கவனத்திற்கு



மண்சரிவு அபாயத்தினால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து உறவினர் வீட்டிலோ தற்காலிக இடத்திலோ இருப்பவர்களுக்கு, விட்டு வந்த வீட்டின் மேல் கடனும் இருந்தால் கவலை இரண்டு மடங்கு. லிந்துலை, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் விதைக் கிழங்குக்கும் உரத்துக்குமாகக் காணியை ஈடு வைப்பது புதிய விடயமல்ல. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைப்பட்டதும், அடுத்த ஆண்டு பொருட்களின் விலை ஏறியதும் அந்தக் கடன்களை அடைப்பதை மேலும் கடினமாக்கின. வீட்டைக் காக்கச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கடன் வாங்கும்போது எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தீர்கள்? எல்லாம் இதைப் பொறுத்தே இருக்கிறது. ஈட்டு முறி என்றால் காணி இன்னும் உங்களுடையது. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுத்தான் அதை விற்பிக்க முடியும். ஆனால் தனியாரிடம் கடன் வாங்கும்போது பெரும்பாலும் எழுதப்படுவது வேறொன்று. காணியை அவருக்கு விற்றதாக உறுதி எழுதி, "இத்தனை வருடத்துக்குள் பணத்தையும் வட்டியையும் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்று நிபந்தனை போடுவார்கள். தவணை தவறினால் காணி போய்விட்டது என்று நம் மக்கள் வாய் திறவாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை.

சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அரசு விவசாயிகளின் கடனைக் குறைக்கும் சட்டத்தை 1938இல் கொண்டுவந்தது. மூன்று வருடம் கழித்து, 1941இல், இலங்கையில் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த கடன் இணக்கச் சபை இன்றும் நீதி அமைச்சின் கீழ் கொழும்பில் இயங்குகிறது. காணியையோ வீட்டையோ ஈடு வைத்துத் தனியாரிடம் கடன் பெற்றவர் அங்கே விண்ணப்பிக்கலாம். நிபந்தனையோடு எழுதிய விற்பனை உறுதியையும், அது உண்மையில் கடனுக்குப் பிணையாக எழுதப்பட்டதென்றால், சபை ஈடாகவே எடுத்துக்கொள்ளும். இரு பக்கத்தாரையும் அழைத்து, வாங்கிய தொகை எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று விசாரித்து, தவணை முறையில் அடைக்க இணக்கம் காண முயலும். கடனைத் தள்ளுபடி செய்வது சபையின் வேலையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் நாள் மிக முக்கியம். நிபந்தனை உறுதியில் காணியை மீட்கக் குறித்த திகதி முடியுமுன்பே விண்ணப்பம் போக வேண்டும். கடைசி மாதம்வரை காத்திராமல், இன்றே உறுதியை எடுத்துத் திகதியைப் பாருங்கள். உறுதி மண்ணோடு போய்விட்டதென்றால் நுவரெலியா காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம்.

வட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலை விஞ்சிய வட்டி நிலுவையை நீதிமன்றத்தில் அறவிட முடியாது என்பது இந்நாட்டின் பழைய சட்டம். 2 இலட்சம் ரூபாவை மாதம் நூற்றுக்கு 5 வட்டிக்கு வாங்கி 30 மாதம் ஒன்றும் கட்டாதிருந்தால், கணக்குப்படி வட்டி 3 இலட்சம். வழக்கிலே வட்டியாகக் கேட்கக்கூடியது 2 இலட்சம் மட்டுமே. கடன் கொடுத்தவர் கொப்பியைக் காட்டிப் பயமுறுத்தும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

நிபந்தனையே எழுதாமல், வாய்ப்பேச்சை நம்பி அறுதியாக எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் நிலை கடினம்தான், ஆனால் கதவு முழுதாக மூடப்படவில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின் கீழ், உண்மையில் விற்கும் எண்ணம் இருக்கவில்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் காட்டலாம். உறுதியில் எழுதிய விலை காணியின் பெறுமதியைவிட மிகக் குறைவா, நொத்தாரிசின் செலவை யார் கொடுத்தார், எழுதிய பின்னும் வீட்டில் யார் இருந்தார் என்பவற்றை நீதிமன்றம் பார்க்கும். ஆகவே மின்சாரப் பட்டியல், வரிப் பற்றுச்சீட்டு எதையும் எறிய வேண்டாம். இடம்பெயர்ந்தவர்கள் இங்கே விசேடமாக யோசிக்க வேண்டும். நீங்கள் வீட்டைக் கைவிட்டுப் போகவில்லை, அபாயத்தால் வெளியேறினீர்கள் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் பெற்று வையுங்கள்.

வங்கிக் கடனுக்கு வழி வேறு. 1990ஆம் ஆண்டின் சட்டப்படி வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். பராட்டே என்று பேசப்படுவது இதுதான். நெருக்கடிக்குப் பின் 2024இல் அரசு இதை நிறுத்திவைத்து, பின்னர் அந்த நிறுத்தத்தை 2025 மார்ச் 31வரை நீடித்தது. அந்தத் தவணை முடிந்துவிட்டது. இருந்தாலும் சிறு கடன்காரருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2011இல் வந்த திருத்தத்தின்படி, முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு இந்த முறையில் ஏலம் விட முடியாது. வங்கி வழக்குத்தான் போட வேண்டும். அழைப்பாணை வந்தால் அந்தத் திகதியில் கட்டாயம் நீதிமன்றம் செல்லுங்கள். விலாசம் மாறியிருந்தால் வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். பழைய வீட்டுக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்க, வழக்கு உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடலாம். வங்கி தவணையை ஒத்திவைக்கச் சம்மதித்தால், அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தோட்ட லயத்திலோ, உறுதி கிடைக்காத தோட்ட வீட்டிலோ இருப்பவர்கள் அதை ஈடு வைப்பதாகக் கடதாசி எழுதிக் கொடுப்பதையும் பார்க்கிறோம். காணி உங்கள் பெயரில் இல்லாதபோது அந்தக் கடதாசியால் கடன் கொடுத்தவருக்குக் காணியுரிமை வராது. வன்னிப் பக்கம் குடியேறி அரசின் அனுமதிப்பத்திரக் காணி பெற்ற நம் உறவினருக்கும் இது பொருந்தும். அரச சம்மதமின்றி அக்காணியைக் கைமாற்றினால் அது செல்லாது. ஆனால் வாங்கிய பணம் வாங்கியதுதான், அந்தக் கடன் நிற்கும்.

வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. அங்கே போகும்போது உறுதி, பணம் கட்டிய சிட்டைகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், வருமான விபரம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். பணம் கட்டியும் சிட்டை தராத இடத்தில், இனிமேல் வங்கி மூலமாகவே அனுப்புங்கள்.