நீரோட்டத்தின் நெறி கண்ட பேராசிரியர்

நீரின் சிறப்பினைப் பாடாத புலவர் இலர். மழையாய்ப் பொழிந்து, ஆறாய் நடந்து, ஏரியிலும் குளத்திலும் தங்கி, இறுதியிற் கடலோடு கலக்கும் நீர், செல்லும் இடமெல்லாம் உயிர் வளர்க்கின்றது. ஆயினும், ஓரிடத்தில் அமைதியாய்ச் செல்லும் நீர் வேறோரிடத்திற் சுழித்தும் கொந்தளித்தும் செல்வது ஏன்? ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் மணல் ஒருபாற் குவிவதும், மறுபால் அரிக்கப்படுவதும் எவ்விதியால்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதிலே தம் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேரறிஞர் ஆவார்.

இளமையும் கல்வியும்

ரெனால்ட்ஸ் 1842ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அயர்லாந்திலுள்ள பெல்ஃபாஸ்ட் நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் சமயகுரவர், கணிதம் வல்லவர், வேளாண் கருவிகளைத் திருத்தி அமைப்பதிலும் நாட்டம் உடையவர். அத்தந்தையாரே மைந்தருக்கு முதல் ஆசானாகவும் விளங்கினார்.

பத்தொன்பதாம் அகவையில் ரெனால்ட்ஸ் பொறிகள் செய்யும் பட்டறை ஒன்றிற் பயிற்சி மாணவராய்ச் சேர்ந்தார். கைகளால் தொழில் செய்யுங்காலத்து, ‘இஃது ஏன் இவ்வாறு இயங்குகின்றது?’ என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்துகொண்டே இருந்தது. கணிதம் கல்லாமல் அவ்வினாவுக்கு விடை காணல் அரிது என்று தெளிந்த அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்து, 1867இற் கணிதத்தில் உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றார். தொழிலை முன்னும் கணிதத்தைப் பின்னும் கற்ற இம்முறையே அவர்தம் ஆராய்ச்சிக்கு அடிப்படை ஆயிற்று எனலாம்.

ஆசிரியப் பணி

1868இல் மாஞ்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரி அவரைப் பொறியியற் பேராசிரியராக அமர்த்தியது. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து. அன்று ஏற்ற பணியை 1905 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், அவர் அவ்விடத்தேயே ஆற்றினார். அவருடைய விரிவுரைகள் எளியனவாய் இருக்கவில்லை. பாடத்தின் நடுவே புதிய எண்ணம் ஒன்று தோன்றிவிடின், அதன்வழியே சென்றுவிடுவார். ஆயினும், கூர்ந்து கேட்ட மாணவர்க்கு அவ்வுரைகள் பெருவிருந்தாய் அமைந்தன. பின்னாளில் மின்னணுவைக் கண்டறிந்து புகழ்பெற்ற ஜே. ஜே. தாம்சன் அவரிடம் பயின்றவரே.

வண்ண இழை காட்டிய உண்மை

1883இல் அவர் வெளியிட்ட ஆய்வு நீரியலில் ஒரு புதுவழி திறந்தது. அச்சோதனை எளிமையானது. கண்ணாடிப் பக்கங்களையுடைய நீண்ட தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, அதனுள் ஒரு கண்ணாடிக் குழாயைப் படுக்கையாக வைத்தார். தொட்டி நீர் அசைவற்று அடங்கும்வரை நெடுநேரம் காத்திருந்தார். பின்னர், குழாயின் அடைப்பினைச் சிறிதளவு திறந்து நீரை மெல்ல ஓடவிட்டு, அதன் வாயில் வண்ணநீரை நூல்போற் செலுத்தினார்.

ஓட்டம் மெதுவாக இருந்தவரையில், வண்ணநீர் பக்கத்து நீரோடு கலவாது, இழுத்துக் கட்டிய நூல்போல நேரே சென்றது. இதனை வரிச்சீர் ஓட்டம் என்பர். விரைவு சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டு ஓர் எல்லையைக் கடந்தபோதோ, அவ்விழை திடுமெனக் கலைந்து குழாய் முழுதும் பரவியது. மின்பொறியின் கணநேர ஒளியில் நோக்கியபோது, அக்கலக்கத்தினுள் எண்ணற்ற சிறுசுழிகள் தெளிவாகத் தோன்றின. இது சுழல் ஓட்டம் எனப்படும்.

இம்மாற்றம் விரைவினால் மட்டும் நிகழ்வதன்று. நீர்மத்தின் அடர்த்தி, அதன் விரைவு, குழாயின் விட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கி, நீர்மத்தின் பாகுநிலையால் வகுத்து வரும் எண்ணே ஓட்டத்தின் இயல்பைத் தீர்மானிக்கின்றது என்று ரெனால்ட்ஸ் நிறுவினார். குழாய்களில் இவ்வெண் ஏறத்தாழ 2,000க்குக் கீழிருப்பின் ஓட்டம் சீராக இருக்கும். இதற்கு ‘ரெனால்ட்ஸ் எண்’ என்னும் பெயரை 1908இல் சோமர்ஃபெல்டு என்னும் செருமானிய அறிஞர் வழங்கினார்.

அதிர்வும் அசைவும் இல்லாத இடத்தில், ஓட்டம் அவ்வெல்லையைக் கடந்தும் சீராகச் செல்லக்கூடும். ரெனால்ட்ஸ் ஏறத்தாழ 13,000 வரையிலும் அத்தகைய ஓட்டத்தைக் கண்டார். நூறாண்டுகளுக்குப் பின் அவருடைய கருவியைக் கொண்டே சோதித்தவர்கள் அந்த அளவை எட்ட இயலவில்லை. மாஞ்செஸ்டர்த் தெருக்களில் ஓடும் வண்டிகளின் அதிர்ச்சியே அதற்குக் காரணம் ஆயிற்று.

தொட்டியில் ஒரு கழிமுகம்

அக்காலத்தில் மாஞ்செஸ்டர் நகர மக்கள், கடற்கப்பல்கள் தம் நகருக்கே வந்து சேருமாறு ஒரு பெருங்கால்வாய் வெட்ட விழைந்தனர். முதலில் வகுத்த திட்டம், மெர்சி ஆற்றின் கழிமுகத்தினூடே சுவர்கள் எழுப்பி வழி அமைப்பதாகும். லிவர்ப்பூல் துறைமுகத்தார் இதனை வன்மையாக எதிர்த்தனர். கழிமுகத்தின் அகன்ற உட்பகுதியில் ஏறிய ஓதநீர், குறுகிய வாயில்வழியே மீண்டு பாயும்போது மணலை அரித்துச் சென்று கப்பல்வழியைக் காக்கின்றது. சுவர்களால் உட்பகுதி தூர்ந்துபோயின், பாயும் நீர் குறையும். வாயிலில் மணல் மேடிட்டுத் துறைமுகமே கெடும். இதுவே அவர்தம் அச்சம். 1883, 1884 ஆகிய ஈராண்டுகளிலும் திட்டம் நிறைவேறவில்லை. கரையை ஒட்டிச் செல்லுமாறு வழியை மாற்றிய பின்னரே, 1885இல் நாடாளுமன்றம் இசைவு தந்தது.

இருதிறத்தாரின் வாழ்வும் தொங்கிநின்ற இவ்வழக்கில், சொல்லுக்குச் சொல் எதிர்நின்றதேயன்றி, சோதித்தறியும் வழி தோன்றவில்லை. ரெனால்ட்ஸ் அவ்வழியைத் தேடினார். மெர்சிக் கழிமுகத்தின் நீள அகலங்களை 31,800இல் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு தொட்டியில் மாதிரி அமைத்தார். ஆழத்தையும் அவ்வாறே சுருக்கின், 30 அடி நீர் ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கேயாகும். அத்துணை மெல்லிய நீரில் சுழியும் தோன்றாது, மணலும் நகராது. ஆதலின் ஆழத்தை மட்டும் 960இல் ஒரு பங்காகக் குறைத்தார். குழாயிற் கண்ட உண்மை இங்கே துணைசெய்தமை காண்க.

தூரம் சுருங்கினாற் காலமும் சுருங்கவேண்டும். ஓத அலையின் விரைவு ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 960இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 31. ஆகவே மாதிரியிற் காலம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகும். மெர்சியில் பன்னிரண்டரை மணி நேரத்திற்கு ஒருமுறை வரும் ஓதம், தொட்டியில் முக்கால் நிமிடத்திற்குள் வந்து மீண்டது! ஓராண்டு முழுவதும் நிகழும் எழுநூறு ஓதங்களை ஒன்பது மணி நேரத்திற்குள் காண முடிந்தது.

தொட்டியின் அடியில் மணலைச் சமமாகப் பரப்பி, ஓதத்தை மீண்டும் மீண்டும் இயக்கினார். யாரும் கைவைக்காமலே அம்மணல் தானாக மேடும் பள்ளமுமாகி, மெர்சியின் நீர்வழிகளை ஒத்த வடிவம் பெற்றது. பெருங்கழிமுகத்தின் இயல்பினைச் சிறுதொட்டியில் ஆராயலாம் என்னும் உண்மையை 1887இல் அவர் அறிஞர் அவையின் முன் எடுத்துரைத்தார்.

இன்றைய பயன்

1895இல் அவர், சுழல் ஓட்டத்தின் விரைவினைச் சராசரி விரைவு என்றும், அதனைச் சுற்றி ஏறியிறங்கும் அலைவு என்றும் இரண்டாகப் பகுத்துக் கணிக்கும் முறையினை வகுத்தார். இன்று கழிமுகத்திற் கலக்கும் கழிவுநீர் எத்துணைத் தொலைவு பரவும், உப்புநீர் எதுவரை ஏறும், வெள்ளம் எவ்வூரைச் சூழும் என்பவற்றைக் கணிப்பொறிகள் முன்கூட்டியே கணிப்பதற்கு அம்முறை பெருந்துணை புரிகின்றது. தொட்டி மாதிரிகளும் மறைந்துவிடவில்லை. நம் நாட்டிற் புனேயிலும், சென்னையை அடுத்த பூண்டியிலும் உள்ள நீராய்வு நிலையங்களில் அணைகளையும் ஆறுகளையும் மாதிரியாக அமைத்து ஆராயும் முறை வளர்ந்துள்ளது.

முதுமையில் நலம் குன்றிய ரெனால்ட்ஸ், 1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இயற்கை எய்தினார். அவர் கையாண்டவை ஒரு கண்ணாடிக் குழாயும், சிறிது வண்ணநீரும், ஒரு தொட்டி மணலுமேயாம். நீர் அடங்கும்வரை காத்திருந்த பொறுமையும், கண்டதைக் கணக்கிட்டுத் தெளிந்த நுண்ணறிவுமே அவற்றைப் பேரறிவின் வாயில்கள் ஆக்கின. வாதத்தால் தீராத வழக்கினையும் சோதனை தெளிவிக்கும் என்னும் அவர்தம் நெறி, அறிவியல் பயில்வார் அனைவர்க்கும் உரியதாகும்.

பயிற்சி வினாக்கள்

1. வண்ண இழைச் சோதனையினை விளக்கி வரைக.
2. லிவர்ப்பூல் துறைமுகத்தார் கால்வாய்த் திட்டத்தை எதிர்த்தமைக்குக் காரணம் யாது?
3. கழிமுக மாதிரியில் ஆழத்தை வேறு அளவிற் சுருக்கியது ஏன்?